கன்றுக்கு முன்னால் நாயனம்

ராயப்பன்பட்டி ஞானமுத்துவுக்குத் தன் உடம்பைப் பற்றிப் பெரிய அக்கறை எதுவும் கிடையாது. முதுகு வலித்தால் வலிக்கட்டும் என்பார். காலில் முள் ஏறினால் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். ஆனால் வாய் என்று வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். கரும்பைக் கடிக்க மாட்டார். முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத்தான் தின்பார். கல்யாண வீட்டில் யாராவது கையை வீசிப் பேசினால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்பல்லில் ஒன்று போனால் உதடு உள்ளே விழும், உதடு விழுந்தால் நாயனத்தில் செருகி ஊதும் சீவாளி நிற்காது, சீவாளி நிற்காவிட்டால் மாதா கோயில் சப்பரம் நகராது. அவ்வளவு பெரிய விவகாரத்தை அந்த நாலு முன்பல் தாங்கிக்கொண்டிருந்தது.

சப்பரம் நகராது என்பது அவர் ஜம்பத்துக்குச் சொன்னதல்ல. அந்த ஊர் வழக்கம் அப்படி. ஆடி மாதத் திருநாளில் சப்பரத்தைத் தோளில் தூக்கியதும் ஆட்கள் அப்படியே நிற்பார்கள். ஞானமுத்து வீட்டு நாயனத்தில் முதல் சத்தம் எழும்ப வேண்டும். அதற்கப்புறம்தான் தவிலில் கை விழும், அதற்கப்புறம்தான் கால் எடுத்து வைப்பார்கள். அவருடைய அப்பன் காலத்திலும் அப்படித்தான், அவனுடைய அப்பன் காலத்திலும் அப்படித்தான். பாளம் பாளமாகச் சூடு ஏறும் வெயிலில் தோள் நோக நின்றாலும் சரி, நாயனம் பேசாமல் மாதா புறப்பட மாட்டாள்.

ஆனால் மாதா வருஷத்துக்கு ஒருமுறைதான் புறப்படுகிறாள், வயிறு தினமும் புறப்படுகிறதே! மலைமேல் பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கெங்கிருந்தோ கூலிச் சனம் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சாரை சாரையாகப் போனது. கூடவே அம்மை நோயும் நடந்து வந்தது. சர்க்கார் பயந்துபோய், ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு கொட்டகை போட்டது. ஊசிப்பால் தயாரிக்கிற இடம். கன்றுக்குட்டியை மேசையில் சாய்த்துக் கட்டி, வயிற்று மயிரை மழித்து, கீறி, மாட்டம்மைப் பாலைத் தடவிவிடுவார்கள். சில நாளில் கொப்புளம் கட்டும். அதைச் சுரண்டிக் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஊர் ஊராக அனுப்புவார்கள், சனங்களின் கையில் கீறி வைப்பதற்கு. சனங்கள் இதையெல்லாம் விசாரிக்கவில்லை. கன்றுக்கு வைத்தியம் நடக்கிறதாக்கும் என்று நினைத்து, 'கன்னுக்குட்டி ஆசுபத்திரி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அப்படி நினைத்ததிலும் தப்பில்லை. அங்கே இருந்த ராஜ உபசாரம் அப்படி. கொட்டகைக்கு அதிகாரி இன்ஸ்பெக்டர் தருமலிங்கம் பிள்ளை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கெட்ட மனுஷரில்லை, ஐயா. ரூல் புத்தகத்தில் அச்சடித்திருந்தால் தன் தலையை வெட்டிக்கூடத் தட்டில் வைத்துத் தருவார், அச்சடிக்காவிட்டால் பக்கத்தில் ஒருவன் தண்ணீரில் முழுகினாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். புத்தகத்தில் கன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. கன்றுக்குக் கொசு கடிக்கக் கூடாது, திரை போடு. கன்று ஈரத்தில் படுக்கக் கூடாது, வைக்கோல் மாற்று. கன்று மிரளக் கூடாது, மிரண்டால் பால் கெடும். கன்றைப் பிடிக்கிறவனைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, அவன் நகத்தை வெட்டியிருக்க வேண்டும் என்று. அதுவும் கன்றைப் பிறாண்டிவிடாமல் இருக்கத்தான்.

கொட்டகையில் வேலைக்கு மூன்று பேர். கயிறு பிடிக்கிறவன் ராக்கையா. மயிர் மழிக்கிறவன் கருத்தக்கண்ணன். பின்னங்காலைப் பிடிக்கிறவர் நம்ம ஞானமுத்து. ராக்கையாவுக்கு ஒரு தடவை குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டியது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குச்சி கொட்டகையில் இருந்ததால் ஆசைப்பட்டுக் கேட்டான்.

"எசமான், அந்தக் குச்சிய எனக்கும் ஒருக்கா வச்சுப் பாருங்க. எம்புட்டுக் காயுதுன்னு தெரியும்."

"சீ, சர்க்கார் சாமான். கன்றுக்குன்னு வந்தது," என்று இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடினார்.

கருத்தக்கண்ணன் ராக்கையாவின் தோளைத் தட்டிச் சொன்னான்: "விடு மாப்ள. அது கன்னுக்கு எங்கன வைக்கிறாகன்னு பாக்கலையா நீ? வாயில வாங்கியிருப்ப, போ!"

அடுத்து ராக்கையாவின் கையில் கொப்புளம் போட்டது. கன்றின் வயிற்றுப் பால் விரல் வெடிப்பில் இறங்கிவிட்டது. கை வீங்கி, அக்குளில் நெறி கட்டிப் படுத்துவிட்டான். ஆத்தா இறங்கிட்டா என்று அவன் பெண்டாட்டி வாசலில் வேப்பிலை செருகி, குழம்பு தாளிப்பதை நிறுத்தி, வீரபாண்டி கௌமாரிக்கு நேர்ந்துகொண்டாள். தெருவே அந்த வாசலை மிதிக்கவில்லை. கை கழுவச் சோப்பு கேட்கலாம் என்று ஞானமுத்து போனால், சோப்பு கன்று வயிற்றுக்கு மட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அதோடு விட்டாரா? "ராக்கையாவுக்கு என்ன குறை? சர்க்கார் அவனுக்கு இனாமா அம்மை குத்தியிருக்கு. நன்றி சொல்லச் சொல்லு," என்றார்.

இந்த லட்சணத்தில் ஞானமுத்துவின் நாலு பல்லைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? பின்னங்கால் என்பது லேசுப்பட்டதா? கட்டும் வரைக்கும் ஒன்றும் தெரியாது. கட்டப் போகிறோம் என்று கன்றுக்குத் தெரிந்த அந்த நொடியில் விலுக்கென்று ஒரு உதை வரும். ஒரு நாள் குளம்பு அவர் காதை உரசிக்கொண்டு போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கஞ்சியைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

அவர் பெண்டாட்டி மதலேனாள் மறுநாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து, ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கோத்துக் கொடுத்தாள். "வாயில கட்டிக்கிருங்க. பாக்குறவக சிரிச்சாச் சிரிக்கட்டும். சிரிக்கிறவக வந்து சப்பரத்துக்கு ஊதப் போறாகளா?"

சிரட்டையைக் கட்டிக்கொண்டு ஞானமுத்து நின்ற கோலத்தைப் பார்த்து, கை ஆறித் திரும்பிய ராக்கையாவும் கருத்தக்கண்ணனும் உருண்டு சிரித்தார்கள். கன்று சிரிக்கவில்லை, மிரண்டது. "கழட்டு அதை! கன்று மிரளக் கூடாதுன்னு ரூல் இருக்கு, தெரியுமில்ல?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். பல் உடையக் கூடாதென்று ரூல் இல்லை. சிரட்டை போயிற்று.

மதுரையிலிருந்து மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் துரை வந்தார். ஆட்களின் காயத்தையும் கட்டையும் பார்த்து முகம் சுளித்தார். போன கையோடு, கன்று பிடிக்கிற ஆட்களைக் கவனிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு எழுதி, அவர்களுக்கென்று நல்ல தடித்த தோலில் ஒரு மார்புக் கவசமும் ஒரு ஜோடி பூட்ஸும் அனுப்பிவைத்தார். நல்ல மனசுதான். பூட்ஸைப் பார்த்த இன்ஸ்பெக்டர், சாணியில் பட்டால் வீணாகிவிடும், துரை வரும்போது போட்டால் போதும் என்று அலமாரியில் பூட்டினார். தோல் கவசத்தைத் தடவிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. மேசையில் பலகை குத்துமே என்று கன்றுக்குக் கீழே விரித்துவிட்டார். ஆட்களைக் காப்பாற்றச் சீமையிலிருந்து கப்பலும் ரயிலும் வண்டியும் ஏறி வந்த சாமான், கன்றுக்கு மெத்தையாகிப் போனது.

ஞானமுத்து இனி சர்க்காரை நம்பிப் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்டார். மத்தியானத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து நாயனம் சாதகம் பண்ணுவது அவர் வழக்கம். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் வந்தார். கன்றுகள் தீவனம் தின்றுவிட்டு, வெயில் மயக்கத்தில் கண் சொருகிப் படுத்திருந்தன. நாயனம் ஊதினாலும் படுத்திருக்கும், ஊதாவிட்டாலும் படுத்திருக்கும். ஞானமுத்துவுக்கு அந்த நேரத்தில் சாத்தான் புகுந்தானோ, சம்மனசு புகுந்தாரோ, ஒரு யோசனை உதித்தது.

"பாத்திகளா எசமான்," என்றார், சீவாளியைத் துடைத்துக்கொண்டே. "நாயனம் காதுல விழுந்துச்சுன்னா எந்தக் கன்னும் அப்படியே அடங்கிரும். நான் முன்னாடி நின்னு வாசிச்சா, நீங்க என்ன வேணாலும் கீறிக்கலாம். ஒரு துள்ளு துள்ளாது."

இன்ஸ்பெக்டரின் கண் விரிந்தது. கன்று மிரளாமலிருக்க வழி! அன்றைக்கே மதுரைக்கு எழுதினார். மதுரை மெட்ராஸுக்கு எழுதியது. 'கன்றுகளுக்குச் சாந்தி தரும் தேசிய வாத்தியம்' என்று அங்கே யாரோ ரசித்தார்கள். ஞானமுத்து பின்னங்காலிலிருந்து கன்றின் முகத்துக்கு எதிரே உத்தியோக உயர்வு பெற்றார். பின்னங்கால் கருத்தக்கண்ணன் தலையில் விழுந்தது. அவன் தொடையில் உதை வாங்கி நொண்டிய அன்று, ஞானமுத்து கண்ணை மூடிக்கொண்டு நீலாம்பரி வாசித்துக்கொண்டிருந்தார். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று சொன்னபோது உறுத்தல் அடங்கிவிட்டது.

ஆடி பிறக்கிற சமயம், துரை மறுபடி வருகிறார் என்று தகவல் வந்தது. நாயனத்தைக் கேட்கவே வருகிறாராம்! இன்ஸ்பெக்டர் தலைகால் தெரியாமல் ஆடினார். துரை கண்ணுக்கு லட்சணமான கன்று வேண்டுமென்று பள்ளத்தாக்கு முழுக்கச் சல்லடை போட்டு, அய்யம்பட்டிப் பாண்டியம்மாள் வீட்டுக் கன்றைப் பிடித்தார். எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பு, கல்லு மாதிரி நெற்றி, இப்போதே திமில் எழும்பியிருந்தது. பாண்டியம்மாள் கௌமாரியின் பக்தை. அம்மைக்கான காரியம் என்றால் ஆத்தாவுக்கான காரியம்தானே என்று, பூ வைத்துப் பொட்டிட்டு அவளே கையில் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"நல்லாப் பாத்துக்கங்கய்யா. சல்லிக்கட்டுக்குன்னு பிறந்ததுலருந்து பழக்கிக்கிருக்கோம். கொட்டு மேளம்னா உசுரு இதுக்கு. காதுல விழுந்தாப் போதும், என்னமாத் துள்ளும்ங்கிறீக!"

"ஆகா, சங்கீதப் பிரியனா! இதைத்தான் தேடினேன்," என்றார் தஞ்சாவூர்க்காரர்.

ஞானமுத்து ஓரடி பின்வாங்கினார். அந்த மண்ணில் பிறந்தவருக்கு இது புரியாதா? அய்யம்பட்டியில் கன்றுக்கு மேளம் என்றால் வாடிவாசல் திறந்தது என்று அர்த்தம். எதிரே நிற்பது எதுவானாலும் முட்டித் தூக்கு என்று அர்த்தம். அதற்காகவே மேளத்தை அடித்து, அடித்து, வாலைத் திருகி, முட்டப் பழக்குவார்கள்.

"எசமான், இதுக்கு முன்னாடி நாயனம் வேணாம். இது முட்டுற கன்னு. சத்தம் கேட்டா எம்மேல பாஞ்சிரும்."

"எந்தக் கன்னும் அடங்கிரும்னு சொன்னது யாரு? நீதானே?"

"நான்தான் எசமான். ஆனா..."

"மதுரைக்கு எழுதியாச்சு. மதுரை மெட்ராஸுக்கு எழுதியாச்சு. இப்ப அடங்காதுன்னு நான் யாருக்கய்யா எழுதுவேன்?"

பொய் சொன்னேன் எசமான், என் பல்லுக்குப் பயந்து சொன்ன பொய் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் மறுபடி பின்னங்கால்தான். ஞானமுத்து வாயை மூடிக்கொண்டார். கடைசியாக, அந்தத் தோல் கவசத்தையாவது கழுத்துவரை கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அது கன்றுக்குக் கீழே விரித்தாயிற்று என்று பதில் வந்தது.

துரை நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு மட்டும் ஆட்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். வலது கால் பூட்ஸ் ராக்கையாவுக்கு, இடது கால் பூட்ஸ் கருத்தக்கண்ணனுக்கு. ராக்கையா கன்றைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்தான். ஞானமுத்து எதிரே நின்று மாதாவை நினைத்துக்கொண்டார். தொட்டில் பிள்ளைக்கு ஊதுவதுபோல மெள்ள, மிக மெள்ள ஊத ஆரம்பித்தார். கன்றின் காது இரண்டும் நிமிர்ந்தன. துரை தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் பெருமையாகத் துரையைப் பார்த்தார். ஞானமுத்து மட்டும்தான் கன்றின் கண்ணைப் பார்த்தார்.

கயிறு ராக்கையாவின் கையை அறுத்துக்கொண்டு போனது. ஒரே பாய்ச்சல். கன்றின் நெற்றி நாயனத்தின் அகன்ற வாயில் மோதியது, சீவாளியும் அது செருகியிருந்த உலோகக் குழலும் ஞானமுத்துவின் வாய்க்குள் ஏறின.

அவர் கீழே விழுந்தார். இன்ஸ்பெக்டர் "ஐயையோ!" என்று அலறிக்கொண்டு ஓடினார், கன்றிடம். நெற்றியைத் தடவினார். வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். கண்ணாடிக் குச்சியை எடுத்துவரச் சொல்லி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துக் காய்ச்சல் பார்த்தார். "பாவம், ரொம்பப் பயந்துபோச்சு," என்று ஒரு செம்புப் பால் புகட்டினார்.

துரை எழுந்து, அந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். "அவன் நாயனக்காரன் சார். கன்று பிடிக்கிற ஆள் இல்லை. உங்கள் உத்தரவில் பிடிக்கிற ஆள் என்றுதான் இருக்கிறது," என்றார் இன்ஸ்பெக்டர். துரை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேப்பிலையைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஞானமுத்துவின் தலைமாட்டில் உட்கார்ந்து, "எங்கன்னு பண்ணுன பாவம்யா, எங்கன்னு பண்ணுன பாவம்," என்று அழுதது பாண்டியம்மாள் ஒருத்திதான். பிற்பாடு மெட்ராஸிலிருந்து புது உத்தரவு ஒன்று வந்தது. இனி நாயனம் வாசிப்பதானால் அதன் முன்வாயில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், கன்றின் நெற்றிக்குக் காயம் படாதிருக்க.

வீட்டில் மதலேனாள் அவர் வேட்டி முடிச்சை அவிழ்த்தபோது முன்பல் நாலும் உள்ளே இருந்தன. பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார், மனுஷன். எங்கே வைப்பதற்கு என்று அவருக்கே தெரியாது. அவள் நடுவீட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"கன்னுக்கு மெத்தை போட்ட பாவிக, மனுசனுக்கு ஒரு கந்தலக் கட்டிவிடலையே! நல்லாருப்பாகளா!"

அவர் நாலு பல்லையும் எடுத்து மறுபடி முடிந்துகொண்டார்.

திருநாளுக்கு வீரபாண்டியிலிருந்து வேறு நாயனம் அழைக்கலாமா என்று கோயில் சாமியார் கேட்டனுப்பினார். ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஆளு உசுரோட இருக்கையில அசலூர் ஆளா? அன்னைக்குள்ள ஆறிரும்," என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் புண் ஆறும் என்பது. ஞானமுத்து தினமும் புளியமரத்தடிக்குப் போய் ஊதிப் பார்த்தார். உதடு உள்ளே போனது, காற்று வெளியே போனது. வீட்டுக்கு வந்து, வந்துவிடும் என்று தலையாட்டினார். மதலேனாளும் நம்பிய மாதிரி தலையாட்டினாள்.

திருநாள் அன்று சாயங்காலம் சப்பரத்தைத் தோளில் ஏற்றினார்கள். வழக்கப்படி நின்றார்கள். ஞானமுத்து முன்னால் வந்து, மாதாவைப் பார்த்துக் கும்பிட்டு, நாயனத்தை வாயில் வைத்தார்.

புஸ் என்று காற்று வந்தது. மறுபடி வைத்தார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது. காற்றுதான் வந்தது. தவில்காரர் கையை ஓங்கியபடி நின்றார். தோள்கொடுத்தவர்களில் ஒருவரும் அடியெடுத்து வைக்கவில்லை. ஊரே அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஓரத்தில் நின்ற பெண்களுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மதலேனாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நடங்கய்யா," என்றாள். "அவுக வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காக. மாதாவுக்குக் கேக்கும். நடங்க."

ஞானமுத்து தெருப்பக்கம் திரும்பி முன்னால் நடந்தார். நாயனம் வாயில் இருந்தது. விரல்கள் துளைகளின் மேல் ஓடின, ஒரு சுரம் தப்பாமல் ஓடின. சத்தம் மட்டும் இல்லை. தவில்காரர் கையை இறக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். சப்பரம் நகர்ந்தது. தெருத் தெருவாக, சாலையோரக் கொட்டகையைத் தாண்டி, மறுபடி கோயில்வரைக்கும் காலடிச் சத்தத்தோடு மட்டும் மாதா போய் வந்தாள்.

மறுநாள் காலை ஞானமுத்து வேலைக்குப் போனார். நாயனம் போனதால் பழைய இடம்தான், பின்னங்கால். இன்ஸ்பெக்டர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"நேத்து இந்த வழியாத்தானே உங்க சப்பரம் போச்சு? ஒரு சத்தமும் இல்லையே! கன்றெல்லாம் என்ன நிம்மதியா அசை போட்டுக்கிட்டுப் படுத்திருந்தது தெரியுமா? இப்படித்தான்யா திருநாள் நடத்தணும். மதுரைக்கு எழுதிப் போடப் போறேன்."

ஞானமுத்து குனிந்து பின்னங்காலைப் பிடித்தார். கன்று விலுக்கென்று உதைத்தது. குளம்பு முகத்துக்கு நேராக வந்து, மயிரிழையில் தவறிப் போனது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"பயம் விட்டுப்போச்சு உனக்கு," என்று மெச்சினார் இன்ஸ்பெக்டர். "இப்பத்தான் இந்த வேலைக்குத் தோதான ஆளாயிருக்கே."